பெயர் மாறினால் போதும்: ஜப்பான் மாறுகிற விதம்

ஜப்பானில் சூதாட்டம் சட்டப்படி குற்றம். அவர்களுடைய குற்றவியல் சட்டத்தின் 185ஆவது பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. அதே ஜப்பானில் ஓரளவு பெரிய ரயில் நிலையம் எதை விட்டு வெளியே வந்தாலும் கண்ணைக் கூசும் விளக்குகளும் காதைக் கிழிக்கும் இரைச்சலுமாக ஒரு பச்சிங்கோ கூடம் நிற்கும். உள்ளே போய், ஒரு சின்ன எஃகுப் பந்து 4 யென் என்ற கணக்கில் வாங்கி, இயந்திரத்தில் விட்டு ஆடலாம். ஜெயித்தால் பந்துகள் கொட்டும். அந்தப் பந்துக்குப் பணம் கேட்டால் கூடத்துக்காரர் தரமாட்டார், ஏனென்றால் அது சட்டவிரோதம். பரிசு தருவார். சாக்லேட், சிகரெட் போன்றவை போக, 'சிறப்புப் பரிசு' என்று ஒன்று உண்டு: பிளாஸ்டிக் உறைக்குள் துளியூண்டு தங்கம். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், பரிசை நீட்டினால் உள்ளேயிருந்து பணம் வரும். ஜன்னல் வைத்திருப்பவர் வேறு ஆள், அவருக்கும் கூடத்துக்கும் காகிதத்தில் எந்தத் தொடர்பும் கிடையாது. அவர் வாங்கிய பரிசுகளை ஒரு மொத்த வியாபாரிக்கு விற்பார், மொத்த வியாபாரி திரும்பக் கூடத்துக்கே விற்பார். மூன்று கடை முறை என்று இதற்குப் பெயர். 1990களின் நடுவில் வாடிக்கையாளர்கள் பந்துக்காகக் கொடுத்த பணம் மட்டும் ஆண்டுக்கு சுமார் 30 லட்சம் கோடி யென். ஆனால் இது சூதாட்டம் கிடையாது.

சிரிப்பு வருகிறது, சரி. ஆனால் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் ஜப்பான் எப்படி மாறியிருக்கிறது, இப்போது எப்படி மாறிக்கொண்டிருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்தச் சந்து ஜன்னலைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. சட்டத்தைத் தொடுவதில்லை. வழக்கத்தை ஒழித்துவிட்டோம் என்று அறிவிப்பதும் இல்லை. எழுத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் வேறு பெயரில் ஒரு ஜன்னலைத் திறந்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் தகுதி வழக்கு என்று படித்திருப்போமே, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று, அந்த மூன்றையும் ஓர் அரசாங்கம் ஆட்சி முறையாகவே கையாண்டால் எப்படி இருக்குமோ அப்படி. (ஜப்பானியர்கள் மனதில் ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசுபவர்கள் என்ற பழைய பல்லவியை நான் பாடவில்லை. அதை எந்த ஊர்க்காரரைப் பற்றியும் பாடலாம். நான் சொல்வது அரசும் நிறுவனங்களும் வேலை செய்யும் முறையை.)

பழைய கதையிலிருந்து தொடங்கலாம். 1868க்கு முன் ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் நாலுகால் விலங்கின் இறைச்சி தின்பது பாவம் என்று கருதப்பட்டது, ஆனால் காட்டுப்பன்றி ருசியாகத்தான் இருந்தது, அதனால் அதற்கு 'மலைத் திமிங்கிலம்' என்று பெயர் வைத்துக் கடை போட்டு விற்றார்கள். திமிங்கிலத்தை மீன் கணக்கில் சேர்த்திருந்ததால் பிரச்சினை முடிந்தது. 1853இல் அமெரிக்கத் தளபதி பெரி கறுப்புக் கப்பல்களோடு உராகாவில் வந்து நின்றபோது கிளம்பிய கோபத்தின் முழக்கம், 'பேரரசரைப் போற்று, காட்டுமிராண்டிகளை விரட்டு' என்பது. அந்த முழக்கத்தோடு ஆட்சியைப் பிடித்தவர்கள் 1868இல் செய்தது என்ன? காட்டுமிராண்டிகளை விரட்டவில்லை. அவர்களிடமிருந்து ரயில், தபால், பட்டாளம், சட்டப் புத்தகம், கோட்டு சூட்டு எல்லாவற்றையும் வாங்கினார்கள். 1871இல் அமைச்சர்களில் பாதிப் பேர் கப்பலேறி, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சுற்றிப் பார்த்தார்கள். 1876இல் சாமுராய்கள் வாள் ஏந்தத் தடை வந்தது. வேறெந்த நாடாக இருந்தாலும் இதற்குப் புரட்சி என்று பெயர் வைத்திருப்பார்கள். இவர்கள் வைத்த பெயர் 'மன்னராட்சி மீட்பு'. பழமைக்குத் திரும்புகிறோம் என்று சொல்லிக்கொண்டே ஆசியாவின் மிகப் பெரிய தலைகீழ் மாற்றத்தைச் செய்துமுடித்தார்கள்.

அதுவரை இந்த முறையில் பெரிய பழுது சொல்ல முடியாது. பழைய பெயருக்குள் புதிய பொருளை வைத்தால் பழமைவாதிகளின் மனம் அதிகம் நோகாது, ரத்தமும் குறைவாகச் சிந்தும். (கொஞ்சம்கூடச் சிந்தவில்லை என்று நினைக்க வேண்டாம், உள்நாட்டுப் போர் நடந்தது, 1877இல் சாமுராய் கிளர்ச்சி ஒன்றையும் அடக்கினார்கள்.) இதே கருவி போர்க் காலத்தில் என்ன செய்தது என்பதுதான் கசப்பான பகுதி. 1943 பிப்ரவரியில் குவாடல்கனால் தீவிலிருந்து ஜப்பானியப் படை பின்வாங்கியபோது ராணுவத் தலைமையகம் பயன்படுத்திய சொல் 'திசை மாறி முன்னேறுதல்'. அதே ஆண்டு மே மாதம் அட்டு தீவில் இருந்த படை ஏறக்குறைய ஓர் ஆள் மிச்சமில்லாமல் அழிந்தது. அதற்கு வைத்த பெயர் 'மாணிக்கம் நொறுங்குதல்' என்ற பொருள் தரும் ஒரு பழஞ்சொல். ஆசிய நாடுகளை ஆக்கிரமித்ததற்குப் பெயர் 'மகா கிழக்காசியக் கூட்டுச் செழிப்பு மண்டலம்'. அந்தச் செழிப்பு எப்படி இருந்தது என்பது மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரியும். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலேயாவிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். முதலில் ஆசை காட்டி, பிறகு லாரியில் பிடித்துப்போட்டு. ராணுவப் பதிவேட்டில் அவர்களுக்கு 'ரோமுஷா' என்று பெயர். அகராதியைப் பார்த்தால் அதற்குப் பொருள் வெறுமனே 'உழைப்பாளி'. காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். தாய்லாந்தின் கஞ்சனபுரியில் மேலைநாட்டுப் போர்க் கைதிகளுக்கு வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன, இந்த உழைப்பாளிகளில் மிகப் பெரும்பாலோர் எங்கே புதைந்தார்கள் என்றுகூடத் தெரியாது. ராணுவ விடுதிகளில் அடைத்து வைக்கப்பட்ட கொரிய, சீன, பிலிப்பைன்ஸ் பெண்களுக்கு அவர்கள் வைத்த பெயரை மொழிபெயர்த்தால் 'ஆறுதல் தரும் பெண்கள்' என்று வரும். அதைத் தமிழில் எழுதவே கை கூசுகிறது.

1945 ஆகஸ்ட் 15 நண்பகலில் பேரரசர் வானொலியில் பேசினார். ஹிரோஷிமாவும் நாகசாகியும் சாம்பலாகிவிட்டிருந்த அந்த நேரத்தில் அவர் சொன்னது, போர் நிலவரம் ஜப்பானுக்கு அனுகூலமாகத்தான் வளர்ந்திருக்கிறது என்று சொல்வதற்கில்லை என்பது. தோல்வி, சரண் என்ற சொற்கள் அந்த உரையில் இல்லை. இன்றுவரை ஆகஸ்ட் 15க்குப் பொது வழக்கில் உள்ள பெயர் 'போர் முடிந்த நாள்'. வந்து இறங்கிய அமெரிக்கப் படையையும் ஆக்கிரமிப்புப் படை என்று அழைக்காமல் 'வந்து தங்கிய படை' என்றே அழைத்தார்கள்.

அப்புறம் அரசியல் சட்டம். 1946 பிப்ரவரியில் அந்தப் படையின் தலைவர் ஜெனரல் மெக்கார்தரின் அலுவலகம் ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் வரைவை எழுதி முடித்தது, 1947 மே 3ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து இன்றுவரை அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதன் 9ஆவது பிரிவு, போரை நாட்டின் உரிமையாகக் கொள்வதை என்றென்றைக்கும் கைவிடுவதாகவும், தரை, கடல், வான் படைகளையோ வேறெந்தப் போர்த் திறனையோ ஒருபோதும் வைத்துக்கொள்வதில்லை என்றும் சொல்கிறது. சுற்றி வளைக்காத வாசகம். பள்ளிப் பிள்ளை படித்தாலும் புரியும்.

1950 ஜூனில் கொரியப் போர் வெடித்தது. ஜப்பானிலிருந்த அமெரிக்கத் துருப்புகள் அங்கே போக வேண்டியிருந்ததால், 75,000 பேர் கொண்ட ஒரு படை திரட்டச் சொன்னார் மெக்கார்தர். அதற்குப் பெயர் 'போலீஸ் ரிசர்வ்'. 1952இல் அது 'பாதுகாப்புப் படை' ஆனது, 1954இல் 'தற்காப்புப் படை' ஆனது, இன்றுவரை அதே பெயர்தான். போலீசுக்கு டாங்கி எதற்கு என்று யாராவது கேட்டுவிடக் கூடாதே, அதனால் டாங்கிக்கு 'சிறப்பு வண்டி' என்று பெயர் வைத்தார்கள். காலாட்படைக்கு 'பொதுப் பிரிவு', பீரங்கிப் படைக்கு 'சிறப்புப் பிரிவு', போர்க்கப்பலுக்கு 'காவல் கப்பல்'. இந்தப் பெயர்ப் பட்டியலைக் கேலி செய்வது சுலபம், ஆனால் கேலிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. பிரதமர் யோஷிதாவின் வழி அது: பாதுகாப்பை அமெரிக்காவிடம் விட்டுவிடு, 9ஆவது பிரிவைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அமெரிக்கா கூப்பிடும் போர்களுக்குப் போகாமல் தப்பித்துக்கொள், மிச்சமாகும் பணத்தையும் ஆட்களையும் தொழிற்சாலைக்கு அனுப்பு. வியட்நாமுக்குத் தென்கொரியா லட்சக்கணக்கில் சிப்பாய்களை அனுப்ப வேண்டியிருந்தது, ஜப்பான் ஒருவரையும் அனுப்பவில்லை. 1968இல் முதலாளித்துவ உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரம் ஆகிவிட்டது. இந்த வழிக்குக் கோழைத்தனம் என்று பெயர் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது அந்த நூற்றாண்டின் கெட்டிக்காரத்தனமான ராஜதந்திரங்களில் ஒன்றாகவே படுகிறது.

ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் பெரும்பாலும் ஒகினாவாவில் இருந்தார்கள். நாட்டின் நிலப்பரப்பில் 0.6 சதவீதம்தான் ஒகினாவா, அமெரிக்கப் படைகளுக்கென்றே ஒதுக்கிய நிலத்தில் சுமார் 70 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. 1967இல் பிரதமர் ஐசாக்கு சாட்டோ, அணு ஆயுதம் வைத்திருக்கமாட்டோம், தயாரிக்கமாட்டோம், உள்ளே வரவிடமாட்டோம் என்று மூன்று கொள்கைகளை அறிவித்தார், 1974இல் அமைதிக்கான நோபல் பரிசும் பெற்றார். 1972இல் ஒகினாவா திரும்பக் கிடைப்பதற்காக, நெருக்கடி வந்தால் அங்கே அணு ஆயுதங்களைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று நிக்சனோடு 1969இல் அவர் ரகசியமாகக் கையெழுத்திட்டிருந்த தாள், 2009இல் அவருடைய குடும்பத்தாரிடமிருந்து வெளியே வந்தது. எழுத்து ஒரு பக்கம், ஜன்னல் ஒரு பக்கம்.

பொருளாதாரக் கதை பலருக்குத் தெரிந்ததுதான், விரைவாகக் கடந்துவிடலாம். 1985 செப்டம்பரில் நியூயார்க் பிளாசா ஓட்டலில் போட்ட உடன்படிக்கைக்குப் பிறகு யென்னின் மதிப்பு ஏறியது, ஏற்றுமதி அடிவாங்கும் என்று பயந்து வட்டியைக் குறைத்தார்கள், மலிவான கடன் நிலத்துக்கும் பங்குக்கும் போய் விலைகளை ஊதிவிட்டது. 1989 டிசம்பர் 29ஆம் தேதி டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 38,915இல் முடிந்தது, மறுபடி அந்த எண்ணைத் தாண்ட 2024 பிப்ரவரி வரை, அதாவது 34 ஆண்டுகள் ஆயின. பொருளாதாரத்தின் அளவில் 2010இல் சீனா முந்தியது, 2023இல் ஜெர்மனி முந்தியது, இப்போதைய வரிசையில் ஜப்பான் முதல் மூன்று இடங்களில் இல்லை.

நான் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புவது, அந்தச் சரிவுக்குப் பிறகு வேலைக்கு என்ன ஆனது என்பதை. வாழ்நாள் வேலை ஜப்பானில் எந்தச் சட்டத்திலும் எழுதிவைத்ததில்லை. பெரிய நிறுவனங்களின் வழக்கம், அதற்குத் துணையாக ஆளை இஷ்டத்துக்கு நீக்க முடியாது என்ற நீதிமன்றத் தீர்ப்புகள், அவ்வளவுதான். 1990களில் நிறுவனங்களுக்குச் செலவைக் குறைத்தாக வேண்டிய நிலை. வாழ்நாள் வேலை முடிந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. உள்ளே இருந்தவர்களுக்கு அது அப்படியே தொடர்ந்தது. புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் பக்கத்தில் இன்னொரு வாசல் திறந்தது, அதன் மேல் 'வழக்கமல்லாத பணியாளர்' என்று எழுதியிருந்தது. ஒப்பந்தம், பகுதி நேரம், ஆள் அனுப்பும் நிறுவனம் எல்லாம் அந்த வாசலுக்குள் அடக்கம். 1990இல் ஐந்தில் ஒருவர் அந்த வகையில் இருந்தார், இப்போது நூற்றில் 37 பேர். பெயர் இன்னும் 'வழக்கமல்லாத' என்றே இருக்கிறது. உள்ளே இருந்தவர்களையும் முற்றிலும் விட்டுவைக்கவில்லை. வேலையை விட்டு நீக்க முடியாதவர்களை ஒரு தனி அறையில் உட்காரவைத்து, வேலையே கொடுக்காமலோ, தனக்கு வேறு வேலையைத் தானே தேடிக்கொள்வதையே வேலையாகக் கொடுத்தோ, சலித்துப்போய் அவர்களாக விலகும்வரை காத்திருந்த நிறுவனங்கள் உண்டு. ஊழியர்கள் அதற்கு வைத்த பெயர் 'விரட்டும் அறை'. கதவில் தொங்கிய பலகையில் 'திறன் வளர்ச்சி' என்ற மாதிரி ஏதாவது இருக்கும்.

1993 முதல் 2004 வரையிலான ஆண்டுகளில் கல்லூரி முடித்து வெளியே வந்தவர்களை 'வேலைவாய்ப்புப் பனியுகத் தலைமுறை' என்கிறார்கள் (இந்தப் பெயர் மக்களும் பத்திரிகைகளும் வைத்தது, அதனால்தான் உள்ளதைச் சொல்கிறது). ஜப்பானில் கல்லூரியின் கடைசி ஆண்டிலேயே மொத்தமாக ஆள் எடுப்பார்கள், அந்த ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்த வண்டி வராது. தவறவிட்டவர்கள் இப்போது நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கிறார்கள். பலர் திருமணம் செய்யவில்லை, சிலர் வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார்கள். 40 முதல் 64 வயதுக்குள் இப்படி அறைக்குள் ஒடுங்கியவர்கள் சுமார் 6,13,000 பேர் என்று 2019இல் அரசே மதிப்பிட்டது. 80 வயதுப் பெற்றோரின் ஓய்வூதியத்தில் 50 வயதுப் பிள்ளை வாழும் நிலைக்கு '8050 பிரச்சினை' என்று பெயர். பிறப்பு எண்ணிக்கை சரிந்ததற்கு இளம்பெண்களின் மனப்போக்கைக் காரணம் காட்டும் அரசியல்வாதிகள், இந்த வாசல் திறந்த ஆண்டையும் பிறப்பு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

பெண்கள் என்று வந்ததால் ஒன்று. ஜப்பானியக் குடிமைச் சட்டப்படி கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். யாருடைய பெயர் என்று சட்டம் சொல்லவில்லை, ஆனால் 95 சதவீதம் போல மாற்றிக்கொள்வது பெண்தான். உச்ச நீதிமன்றம் 2015இலும் 2021இலும் இந்தச் சட்டம் செல்லும் என்றது. சட்டத்தை மாற்றுவதற்குப் பதிலாக என்ன செய்தார்கள் என்று இந்நேரம் நீங்களே ஊகித்திருப்பீர்கள்: கடவுச்சீட்டிலும் அடையாள அட்டையிலும் பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். 2025 அக்டோபரில் முதல் பெண் பிரதமரான சனாயே தகாய்ச்சியும் இந்த அடைப்புக்குறி வழிக்குத்தான் ஆதரவு, தனித்தனிப் பெயர் வேண்டாம் என்கிறவர். அவருடைய வீட்டில் கணவர்தான் தகாய்ச்சி என்று பெயரை மாற்றிக்கொண்டார் என்பது உபரித் தகவல்.

குடியேற்ற விஷயத்தில் இந்த முறை உச்சத்துக்கே போனது. 1980களின் இறுதியில் தொழிற்சாலைகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளரை வரவேற்கிறோம் என்று சொல்ல அரசுக்கு மனம் வரவில்லை. 1990இல் சட்டத்தைத் திருத்தி, பிரேசிலுக்கும் பெருவுக்கும் பிழைக்கப் போன ஜப்பானியர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தார்கள். தொழிலாளர்களாக அல்லாமல் சொந்தக்காரர்களாக வரலாம் என்று பொருள். ஹமாமட்சு, ஓய்சுமி போன்ற ஊர்களில் போர்த்துகீசியப் பலகைகள் முளைத்தன. 2008 நெருக்கடியில் வேலை போனதும், 2009இல் அதே சொந்தக்காரர்களுக்குத் தலைக்கு 3 லட்சம் யென் கொடுத்து ஊருக்குப் போகச் சொன்னது அரசு, இதே விசாவில் இப்போதைக்குத் திரும்பி வரக் கூடாது என்ற நிபந்தனையோடு. 1993இல் வந்தது 'தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம்'. வளரும் நாடுகளுக்குத் திறன் கற்றுக்கொடுக்கும் சர்வதேசப் பங்களிப்பு என்று முகவுரை. நடைமுறையில் சிப்பி உரிக்கவும், முட்டைக்கோஸ் அறுக்கவும், துணி தைக்கவும் ஆள். பயிற்சியாளர் என்பதால் முதலாளியை மாற்ற முடியாது, கொடுமை தாங்காவிட்டால் ஓடிப்போக வேண்டும். 2023இல் மட்டும் 9,700க்கும் மேற்பட்டவர்கள் அப்படிக் காணாமல் போனார்கள். 2018இல் புதிய 'குறிப்பிட்ட திறன்' விசாவைக் கொண்டுவந்தபோது பிரதமர் ஷின்சோ அபே நாடாளுமன்றத்தில் இது குடியேற்றக் கொள்கை இல்லவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். 2024 முடிவில் ஜப்பானில் வசிக்கும் வெளிநாட்டவர் 37 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள், மக்கள்தொகையில் சுமார் 3 சதவீதம். பயிற்சித் திட்டத்தை ஒழித்து 2027 முதல் புதிய ஏற்பாடு வரப்போகிறது, அதில் முதலாளியை மாற்ற ஓரளவு வழி உண்டு. 2025 ஆகஸ்டில் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட ஏற்பாட்டில், ஐந்து ஆண்டுகளில் 50,000 திறன் பெற்ற இந்தியர்கள் அங்கே போவது இலக்கு, முதியோர் பராமரிப்பு வேலைக்காக ஜப்பானிய மொழி படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் சேர்வார்கள். போகும் முன் விசாவின் பெயரை மட்டும் பார்க்காமல், முதலாளியை மாற்றலாமா, குடும்பத்தைக் கூட்டிப்போகலாமா என்ற இரண்டையும் கேட்டுக்கொள்வது நல்லது.

குடியேற்றமே நடக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்ததால், வந்தவர்களுக்கு மொழி கற்றுக்கொடுப்பது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது எல்லாம் ஊராட்சிகளின் தலையிலும் தன்னார்வலர்களின் தலையிலும் விழுந்தது. அண்டை வீட்டுக்காரருக்கோ, நம்மைக் கேட்காமலே ஊர் மாறிவிட்டது என்ற எரிச்சல். அதை 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் 'ஜப்பானியருக்கே முதலிடம்' என்ற முழக்கத்தோடு சன்செய்தோ என்ற சிறிய கட்சி அறுவடை செய்து 14 இடங்களைப் பிடித்தது. வெறுப்பு அரசியலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் முப்பது ஆண்டுகளாக ஒன்றைச் செய்துகொண்டே செய்யவில்லை என்று சொன்னவர்கள், அந்தப் பேச்சை முழுதாக மற்றவர்களிடம் விட்டுவிட்டார்கள்.

இனி திரும்பவும் படைக்கு வருவோம், உலகத்தில் ஜப்பானின் இடம் மாறுவது அங்கேதான் வெளிப்படையாகத் தெரிகிறது. 1991 வளைகுடாப் போருக்கு ஜப்பான் 1,300 கோடி டாலர் கொடுத்தது, ஒரு சிப்பாயையும் அனுப்பவில்லை. போர் முடிந்ததும் குவைத் அமெரிக்கப் பத்திரிகையில் நன்றி விளம்பரம் கொடுத்தது, அதிலிருந்த நாடுகளின் பட்டியலில் ஜப்பான் இல்லை. வெளியுறவு அதிகாரிகளுக்கு அது இன்னும் ஆறாத ரணம். 1992இல் ஐ.நா. அமைதிப்படைக்கு ஆள் அனுப்ப வழிசெய்யும் சட்டம் வந்தது, எதிர்க்கட்சியினர் வாக்குப் பெட்டிக்கு மாடு நடப்பதுபோல் அங்குலம் அங்குலமாக மணிக்கணக்கில் நடந்து எதிர்த்துப் பார்த்தார்கள். 2004இல் ஈராக்கின் சமாவாவுக்குப் படை போனது, 'போர் நடக்காத பகுதிக்கு' மட்டும்தான் போகலாம் என்று சட்டம். அது எந்தப் பகுதி என்று கேட்டதற்குப் பிரதமர் கொய்சுமி, தற்காப்புப் படை வேலை செய்யும் இடம்தான் போர் நடக்காத இடம் என்று பதில் சொன்னார். தெற்கு சூடானுக்குப் போன படையின் நாட்குறிப்பில் சிப்பாய்கள் 'சண்டை' என்று எழுதிவைத்திருந்தது வெளியே வந்தபோது, பாதுகாப்பு அமைச்சர் தொமோமி இனாதா 2017இல் நாடாளுமன்றத்தில் உண்மையைப் போட்டு உடைத்தார்: 9ஆவது பிரிவோடு சிக்கலாகும் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது, அதனால் நாங்கள் 'ஆயுத மோதல்' என்கிறோம். அந்த நாட்குறிப்பு விவகாரத்தில் அதே ஆண்டு பதவி விலகினார்.

அதன் பிறகு வேகம் கூடிவிட்டது. 2014இல் அபேயின் அமைச்சரவை ஒரு தீர்மானத்தால் 9ஆவது பிரிவுக்குப் புது விளக்கம் கொடுத்து, தாக்கப்பட்ட நட்பு நாட்டுக்காகவும் சண்டை போடலாம் என்றது. 2015இல் அதைச் சட்டமாக்கும்போது நாடாளுமன்றக் குழுவுக்கு வந்த மூன்று அரசியல் சட்டப் பேராசிரியர்களும், ஆளும் கட்சியே அழைத்து வந்தவர் உட்பட, இது அரசியல் சட்டத்துக்கு முரண் என்றார்கள், சட்டம் நிறைவேறியது. அதே 2014இல் 'ஆயுத ஏற்றுமதி மூன்று கொள்கைகள்' என்பது 'பாதுகாப்புக் கருவி இடமாற்ற மூன்று கொள்கைகள்' ஆனது. ஆஸ்திரேலியா இப்போது ஜப்பானிடமிருந்து 11 போர்க்கப்பல்களை வாங்கப்போகிறது, அது இடமாற்றம். 'எதிரித் தளத்தைத் தாக்கும் திறன்' என்று பேசிக்கொண்டிருந்ததை 2022இல் 'பதிலடித் திறன்' என்று மாற்றினார்கள், அந்த ஆண்டு டிசம்பரில் ஐந்து ஆண்டுகளுக்கு 43 லட்சம் கோடி யென் பாதுகாப்புச் செலவை அறிவித்து, டோமஹாக் ஏவுகணைகளுக்கும் சொல்லிவைத்தார்கள். 248 மீட்டர் நீளமுள்ள இசுமோ கப்பலின் தளத்தில் 2021இல் அமெரிக்க எஃப்-35பி விமானம் இறங்கி ஏறியது. பார்ப்பவருக்கு அது விமானந்தாங்கிக் கப்பல், பதிவேட்டில் இன்னும் 'காவல் கப்பல்'. அதன் தங்கைக் கப்பலின் பெயர் காகா, பேர்ல் துறைமுகத்தைத் தாக்கப் போன விமானந்தாங்கிகளில் ஒன்றின் பெயரும் அதுதான்.

அண்டை நாடுகள் இதைப் பார்த்து நடுங்குகின்றனவா? எல்லாம் இல்லை. 1945இல் மணிலா நகரச் சண்டையில் மட்டும் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் செத்தார்கள். அதே பிலிப்பைன்ஸ் 2024இல் ஜப்பானியப் படைகள் தன் மண்ணில் வந்து பயிற்சி செய்ய ஒப்பந்தம் போட்டது, கடலோர ரேடார்களையும் வாங்கிக்கொண்டது. ஆண்டாண்டாகக் கொடுத்துவந்த 'அரசு வளர்ச்சி உதவி'க்குப் பக்கத்தில் 2023இல் 'அரசு பாதுகாப்பு உதவி' என்று ஒரு புதிய ஜன்னல் திறந்திருக்கிறார்கள், ரேடார் வந்தது அதன் வழியாக. தென்சீனக் கடலில் சீனக் கப்பல்களோடு தினமும் உரசும் நாட்டுக்கு எண்பது ஆண்டு முந்திய நினைவைவிட இன்றைய பயம் பெரிது. கொரியாவிலும் சீனாவிலும் நிலைமை வேறு, அங்கே பழைய சொற்கள் இன்னும் ஆறவில்லை.

இத்தனை காலம் இந்த முறைக்கு ஒரு எழுதாத விதி இருந்தது: உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் உரக்கச் சொல்லக் கூடாது. 2025 நவம்பர் 7ஆம் தேதி தகாய்ச்சி அதை மீறினார். தைவானை முற்றுகையிடச் சீனா போர்க்கப்பல்களையும் படைபலத்தையும் பயன்படுத்தினால் அது ஜப்பானின் 'இருப்புக்கே ஆபத்தான நிலை' ஆகலாம் என்று நாடாளுமன்றத்தில் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார். அந்தச் சொற்றொடர் 2015 சட்டத்தில் உள்ளது, அதற்குப் பொருள் தற்காப்புப் படை சண்டையில் இறங்கலாம் என்பது. புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, சட்டத்தைப் படித்த எல்லோரும் பத்து ஆண்டுகளாக ஊகித்திருந்ததைத்தான் சொன்னார். ஆனால் முந்தைய பிரதமர்கள் எந்த ஊர், எந்த நாடு என்று வாயைத் திறந்ததில்லை. ஒரு வாரத்துக்குள் சீனா தன் மக்களை ஜப்பானுக்குப் போக வேண்டாம் என்றது, அடுத்து ஜப்பானியக் கடல் உணவை நிறுத்தியது. கலைச்சொல்லுக்குள் அடக்கி வைத்திருந்த விஷயம் ஒரு பதிலில் ஊர்ப்பெயரோடு வெளியே வந்துவிட்டது.

தகாய்ச்சி பாதுகாப்புச் செலவை மொத்த உற்பத்தியில் 2 சதவீதமாக்கும் இலக்கையும் 2027இலிருந்து முன்னுக்குக் கொண்டுவந்தார். பணம் ஒதுக்கலாம், ஏவுகணை வாங்கலாம். தற்காப்புப் படைக்கு 2023-24இல் 19,598 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டார்கள், சேர்ந்தவர்கள் 9,959 பேர். சேரும் வயது வரம்பை 2018இலேயே 26இலிருந்து 32ஆக உயர்த்தியும் இந்த நிலை. 1949இல் ஜப்பானில் சுமார் 27 லட்சம் குழந்தைகள் பிறந்தன, 2024இல் 6,86,061. இந்த 2026, அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வரும் நெருப்புக் குதிரை ஆண்டு, அதில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்று பழைய நம்பிக்கை. 1966இல் அந்த நம்பிக்கைக்குப் பயந்தே முந்தைய ஆண்டைவிட நாலில் ஒரு பங்கு பிறப்பு குறைந்தது. இந்த முறை அப்படிப் பயப்படுபவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள் என்கிறார்கள், குறைவதற்கும் முன்போல மிச்சம் இல்லை.